சுலக்ஷனாவுக்கு முழுப்பேர்

ஜன்னலைச் சாத்திவிடச் சொல்லுங்கள் ஐயா. குளிருக்காகச் சொல்லவில்லை, பூண்டுலோயாக்காரனுக்குக் குளிர் ஒரு விசயமே இல்லை. வெளியே எதுவாவது பறந்தால் உங்கள் எழுத்தரின் கண் அங்கே போய்விடுகிறது, அந்த நேரம் பார்த்து ஒரு காற்புள்ளி விட்டுப்போகிறது. குறையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கடைசியில் கையெழுத்து வைக்கப்போகிறவன் நான். பிழையுள்ள தாளில் இதுவரை நான் கையெழுத்து வைத்ததில்லை.

என் பெயர் நல்லமுத்து. ஊசிப்பாறைத் தோட்டத்துப் பாடசாலையில் தமிழ் ஆசிரியர். எட்டாம் தரத்திலிருந்து பதினோராம் தரம்வரை பகுதித் தலைவரும் நானே. ஆகவே யார் சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் போகலாம், யார் வீட்டில் இருக்கலாம் என்பதும் என் கையில்தான் இருந்தது. பாடசாலை அதிபர் கிருஷாந்தி மேடம் நல்லவர். நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பார்.

பாடசாலையில் கணக்கு வாத்தியாருக்கு ஒரு மரியாதை, விஞ்ஞான வாத்தியாருக்கு ஒரு மரியாதை. நிறுத்தக்குறி சொல்லிக்கொடுக்கிறவனைக் கண்டால் சிரிப்பார்கள். நீங்களும் கொஞ்சம் முன்னால் சிரித்தீர்கள், பரவாயில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கொழும்பில் இருந்துகொண்டு விடைத்தாள் திருத்துகிறவருக்கு நம் பிள்ளையின் முகம் தெரியாது. அது காலையில் வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தது தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் தாளில் இருக்கிற புள்ளிதான். புள்ளி சரியாக இருந்தால் இது மனிதப் பிள்ளை என்று நினைப்பார். இல்லாவிட்டால் தோட்டத்துப் பிள்ளை என்று நினைப்பார். நானும் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன்தான், என் அம்மாவும் தேயிலைக் கொழுந்து பறித்தவள்தான். அந்த வித்தியாசத்தை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

இன்னொன்றையும் எழுத்தர் தனி வரியாக எழுதிக்கொள்ளட்டும். என் சேவைக்காலத்தில் ஒரு பிள்ளையைக்கூட நான் அடித்ததில்லை. அடியாத மாடு படியாது என்பார்கள். அதெல்லாம் பழைய காலத்துக் கதை. அடிக்காமலே படிய வைக்க ஒரு வழி இருக்கிறது, அது நம் கண்ணெதிரே தினமும் காலையில் நடக்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை.

ஒருநாள் பாடசாலைக்கு ஏறி வருகையில் முழங்கால் வலித்து மேல் பாதையில் நின்றுவிட்டேன். எனக்கு வாதம் உண்டு. கீழே பெரட்டு நடந்துகொண்டிருந்தது. தெரியும்தானே, காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்கள். வேலை வாங்குகிற கண்டாக்கு ஒருவர்தான், அதுவும் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவன் கையில் தடி இல்லை. சத்தம்கூடப் போடவில்லை. “நேத்து மாதிரி கொழுந்து கொறஞ்சா அரைப்பேருதான்” என்றான், அவ்வளவுதான். அவன் அம்மா வயதில் இருந்த பெண்கள் எல்லாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறினார்கள். சொன்ன அளவு பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். நூறு வருசத்துக்கு மேலாக ஒரு மலைநாட்டையே இந்த இரண்டு சொல் நடத்திக்கொண்டிருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமையே பாடசாலையில் பெரட்டு வைத்தேன்.

முறை இதுதான். ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் எழுத வேண்டும். அதில் இத்தனை குறி சரியான இடத்தில் விழ வேண்டும் என்று ஓர் அளவு. அளவை எட்டினால் மறுநாள் பெரட்டில் முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுவேன். எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது பெயரில் பாதிதான் சொல்வேன். பிரேமினி என்றால் ‘பிரே’. அதற்கு அவள் “வந்தேன் சேர்” என்று சொல்லியாக வேண்டும். தனுஷனை மட்டும் ‘தனு’ என்று கூப்பிட்டது பலிக்கவில்லை. வீட்டில் அம்மா அப்படித்தான் கூப்பிடுவாளாம், பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்பாதியை வைத்து ‘ஷன்’ என்று கூப்பிட்டேன். அன்றைக்கு மத்தியானம் சோறு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அப்போதே தெரிந்துவிட்டது, இது வேலை செய்யும் என்று.

கேள்விக்குறியை முழுப்பேர் எடுத்தவர்களுக்கு மட்டும் அனுமதித்தேன். அரைப்பேர்க்காரர்கள் எழுத்திலும் கேட்கக்கூடாது, வாயாலும் கேட்கக்கூடாது. ஆச்சரியக்குறியை யாருக்குமே கொடுக்கவில்லை. இந்தத் தோட்டத்தில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது.

எழுத்தில் வந்தது பேச்சிலும் வர வேண்டும் என்று கைதட்டும் முறையைச் சேர்த்தேன். காற்புள்ளிக்கு ஒரு தட்டு, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு. நான்கு தட்டினால் எந்த நிலையில் இருக்கிறார்களோ அந்த நிலையிலேயே நிற்க வேண்டும். கை தொடையோடு ஒட்டியிருக்க வேண்டும், தலை திரும்பக்கூடாது. மறுபடி நான் ஒரு தட்டுத் தட்டினால்தான் அசையலாம். ஒருநாள் தனுஷனின் காலில் அட்டை ஏறி ரத்தம் குடித்துப் பருத்து அதுவாகவே கீழே விழுந்தது. பிள்ளை குனிந்து பார்க்கவில்லை. அன்றைக்கு அவனை முன்னால் கூப்பிட்டு முழுப்பேர் சொல்லிப் பாராட்டினேன். அவன் முகத்தில் இருந்த சந்தோசத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் சூட்டிகையானவர்கள். தாய்மார் கொழுந்துக்குள் தண்ணீர் தெளித்து நிறை ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள், சும்மா இருப்பார்களா. ‘அம்மா, அப்பா, நான், தம்பி, நாய், கோழி, எல்லாரும், வந்தோம்.’ என்று எழுதி அளவை எட்டினார்கள். நானும் லேசுப்பட்டவன் இல்லை. தராசடியில் ஈரத்துக்குக் கழிப்பதுபோல நானும் கழித்தேன். பிறகு ஒரு வழிக்கு வந்தார்கள். ‘காலை வந்தது. பனி பெய்தது. நான் எழுந்தேன்.’ குட்டிக்குட்டி வாக்கியங்கள், ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு புள்ளி. நாற்பது கட்டுரையைத் திருத்தினால் நாற்பதும் ஒன்றுபோலவே இருக்கும். எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரே ஒருத்தி மட்டும் வழிக்கு வரவில்லை. சுலக்ஷனா. பதினோராம் தரம். கொழுந்து பறிக்கிற மீனம்மாவின் மகள், கீழ் லயத்துப் பிள்ளை.

அவளைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு யாரும் கெட்ட எண்ணம் கற்பிக்கக்கூடாது. ஒருநாள் அவள் பிந்தி வந்தாள். ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், எழுத்தர் இதில் எந்தக் குறியும் போட வேண்டாம், ஏனென்றால் அவள் போடவில்லை.

“சேர் நா வேணும்னு லேட்டாகல சேர் பீலியில தண்ணி வரலன்னு மேல லயத்துக்குப் போனேனா அங்க செல்லசாமி மாமா வூட்டு நாயி குட்டி போட்டுருக்கு கிட்ட போனா கடிக்கும்னு சுத்திப் போனேன் சுத்திப் போற பாதையில மண்ணு சரிஞ்சு கெடக்கு சேர் அதுல ஒரு பேரிக்கா மரம் நின்னது நின்னவாக்குலயே எறங்கி வந்து நிக்குது சேர் ஒரு காய்கூட கீழ உழல அதப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன் சேர்”

வகுப்பே வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முழங்கால் வலி மறந்துவிட்டது. அந்த மரத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றியது. பிறகுதான் கோபம் வந்தது. இந்த வகுப்பில் என்னை மறந்து நான் நின்றது அதுதான் முதல் தடவை, அதை ஒரு அரைப்பேர்க்காரி செய்துவிட்டாள்.

அவளுக்கு முற்றுப்புள்ளியிலும் நிற்க வராது. நான்கு தட்டினால் எல்லாரும் கல்லாக நிற்பார்கள், இவள் கண் கூரையில் உட்கார்ந்த மைனாவைத் தேடிப் போகும். கழுத்து தானாகத் திரும்பும். ஒவ்வொரு தடவையும் அரைப்பேர். பெரட்டில் ‘சுல’ என்று கூப்பிட்டால், “வந்தேன் சேர்” என்று முழுக்குரலில் சொல்வாள், ஏதோ நான்தான் மறந்துபோய்ப் பாதியில் விட்டுவிட்டதுபோல.

அரைப்பேர்க்காரர்கள் தங்கள் பேரை முழுதாக்கிக்கொள்ளவும் ஒரு வழி வைத்திருந்தேன். ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை நான். பாடசாலைக்கென்று தோட்டம் கொடுத்த காணி இரண்டு ஏக்கர் பின்னால் சும்மா கிடந்தது. பழைய தேயிலை, கவாத்து வெட்டாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. குறியில் அளவு குறைந்தவர்கள் பின்னேரம் அங்கே போய் அந்தக் குறையைக் கொழுந்தில் தீர்க்கலாம். ஒரு பை கொழுந்து பறித்தால் மறுநாளுக்கு முக்கால் பேர். இரண்டு பை பறித்தால் முழுப்பேர்.

உங்கள் முகம் மாறுகிறது. ஒரு விநாடி பொறுங்கள். இது தண்டனை இல்லை, விருப்பத்தேர்வு. யாரையும் நான் கட்டாயப்படுத்தவில்லை. பெயரை முழுதாகக் கேட்க விரும்பாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். கொழுந்தை, அதை வாங்கி விற்கிற நஸார் நானாவின் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவர் பதிலுக்கு எங்களுக்குச் சுவரில் அடிக்கப் பெயின்ட் தருவார், பயிற்சித்தாள் போட்டோக்கொப்பி எடுத்துத் தருவார். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு காற்புள்ளி வரைந்திருக்கிறதே, அது அவர் பெயின்ட்தான். “சேர், தோட்டத்துக் கொழுந்தவிட இது துப்புரவா இருக்கே, புள்ளைங்க கை எண்டா கைதான்” என்று அவரே சொன்னார்.

தேயிலையிலிருந்து இந்தப் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் என் வாழ்நாள் நோக்கம். அதற்கு அவர்கள் கொஞ்சம் தேயிலை பறிக்க வேண்டியிருந்தது.

மீனம்மா ஒருநாள் மலையிலிருந்து நேரே வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. வாசலில் நின்றாள், உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“சேர், ஒண்ணு கேக்கணும். நா அரைப்பேரு வாங்கினா அரைநாள் காசாவது குடுக்குறாங்க. எம் புள்ளைக்கு அரைப்பேரு போடுறீங்களே, அதுக்கு நீங்க என்னா குடுக்குறீங்க?”

அறிவு கொடுக்கிறேன் என்றேன்.

“அறிவையும் பாதிதான் குடுப்பீங்களோ” என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “கோவிச்சுக்காதீங்க சேர். அவுங்க அப்பா கொழும்புல ஒரு வூட்டுல வேலைக்குச் சொல்லி வச்சிருக்காரு. பரீச்சைக்கு எழுதலன்னா அடுத்த நாளே கூட்டிட்டுப் போயிருவேன்றாரு. நா ஒத்தையா நின்னு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். அவளப் பரீச்சைக்கு மட்டும் அனுப்பிருங்க சேர். அந்தப் புள்ள வாயிலதான் பேச்சு நிக்காது, மனசு சுத்தம்.”

முழுப்பேர் எடுத்தால் அனுப்புகிறேன் என்றேன். அதைவிட நியாயமாக ஒரு மனிதன் எப்படிப் பேச முடியும். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து சுலக்ஷனா தினமும் பின்னேரம் இரண்டு பை பறித்தாள். ஆனாலும் மறுநாள் முற்றுப்புள்ளியில் ஒரு பட்டாம்பூச்சி போகும், கழுத்துத் திரும்பும், பறித்தது எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

அந்த நேரத்தில்தான் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தார்கள். எங்கள் நிறுத்தக்குறிப் பெறுபேறு மேலே வரைக்கும் தெரிந்துவிட்டது. முன்மாதிரிப் பாடசாலை என்று ஒரு விருது. பெரிய அதிகாரி ஒருவர், கூட இரண்டு மூன்று பேர், ஒரு போட்டோக்காரர். பிள்ளைகள் மண்டபத்தில் வரிசையாக நின்று ஒரு பத்தியை ஒப்பித்தார்கள். நான் தட்டத் தட்ட நின்று நின்று சொன்னார்கள், ஒரு குறி பிசகவில்லை. அதிகாரிக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி, எழுந்து நின்று கைதட்டிவிட்டார். அவர் தட்டினார், கூட வந்தவர்கள் தட்டினார்கள். பிள்ளைகள் அப்படியே உறைந்துவிட்டார்கள். கேக் வெட்டிக் கொண்டுவந்தார்கள், ஒருவரும் கை நீட்டவில்லை. பாட்டுப் போட்டார்கள், அசையவில்லை. அதிகாரி பக்கத்தில் போய், “சாப்பிடுங்க பிள்ளைகளே” என்று ஒரு கன்னத்தைத் தட்டினார், கண் இமைக்கவில்லை. சிற்றுண்டி முடிகிறவரைக்கும் நானும் அந்த ஒற்றைத் தட்டைக் கொடுக்கவில்லை. கொஞ்சம் பெருமையாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். “இந்த ஒழுக்கத்தை நான் கண்டியில்கூடக் கண்டதில்லை” என்று அவர் பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்.

போகிற வழியில் பின்னால் கொழுந்துப் பைகளைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். செயன்முறைக் கற்றல் என்றேன். ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரும் போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தையும் நீங்கள் விசாரணையில் சேர்க்க வேண்டும் ஐயா. அவருக்கு இல்லாத பிழை எனக்கு மட்டும் எப்படி வரும்.

இங்கேதான் காவலுக்கு இருக்கிற வாச்சர் வீரய்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவர் எப்படியும் உங்களிடம் சொல்லியிருப்பார். வலயத்திலிருந்து வருவதற்கு முந்திய வாரம் அவர் என்னிடம் வந்தார்.

“சேர், பின்னால நெழல் மரத்தடியில கொளவி கூடு கட்டிருக்குங்க. இம்மாம் பெருசு. தீ வச்சாத்தான் போவும். புள்ளைங்கள அந்தப் பக்கம் விடாதீங்க” என்றார்.

தீ வைத்தால் சுவர் எல்லாம் புகை படியும். காற்புள்ளிக்கு அப்போதுதான் இரண்டாம் பூச்சு அடித்திருந்தோம். விருது முடியட்டும் என்றேன். விருது முடிந்தது. பிறகு வாய்ப்புக் கிடைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத வேண்டாம், நான் எதையும் மறக்கிறவன் இல்லை. ஒத்திவைத்தேன் என்று எழுதுங்கள்.

சம்பவம் நடந்த அன்றைக்குக் காலைப் பெரட்டில் சுலக்ஷனாவை முன்னால் கூப்பிட்டேன். பரீட்சைக்குப் பெயர் அனுப்ப வேண்டிய வாரம் அது. எல்லார் முன்னிலும் சொன்னேன். இன்னும் ஒரே ஒரு தடவை முற்றுப்புள்ளியில் அசைந்தால் அரைப்பேர்கூட இல்லை, பேரை வெட்டிவிடுவேன். பேர் வெட்டு என்றால் தோட்டத்தில் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேரை வெட்டினால் ஆள் இல்லை.

அவள் முதல் தடவையாக நீட்டிப் பேசவில்லை. “சரி சேர்” என்றாள். இரண்டே சொல். முற்றுப்புள்ளி வைத்த மாதிரி இருந்தது. சந்தோசப்பட்டேன்.

பின்னேரம் ஆறேழு பிள்ளைகள் பறித்துக்கொண்டிருந்தார்கள். பிரேமினி மேற்பார்வை. அவள் நன்றாகத் தேறி முழுப்பேர் எடுத்திருந்ததால் கண்டாக்கு வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தேன். நானும் நின்றேன். சுலக்ஷனா நிழல் மரத்தடிப் பக்கம் போனாள், அங்கேதான் கொழுந்து அடர்த்தி. கிளையை வளைத்தாள். முதலில் ஒரு சத்தம் வந்தது, தூரத்தில் லொறி ஏறுவதுபோல. பிறகு தனுஷன் “கொளவி” என்று கத்தினான்.

நான் நான்கு தட்டுத் தட்டினேன்.

குளவி வந்தால் அசையாமல் நிற்பதே பாதுகாப்பு என்று எங்கேயோ படித்திருக்கிறேன். பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் தட்டினேன் என்று முதல்நாள் பொலிசில் சொன்னேன், அதிபரிடமும் அதையே சொன்னேன். பலர் அதை ஏற்றுக்கொண்டார்கள். நீங்கள் மட்டும்தான் அப்போது நான் எங்கே நின்றேன் என்று கேட்டீர்கள். வருகிறேன் அதற்கு.

வைத்தியசாலை வாசலில் மீனம்மா உட்கார்ந்திருந்தாள். அதற்குள் சுலக்ஷனாவின் உயிர் பிரிந்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்தாள். தோட்டத்தில் வேலைத்தளத்தில் ஆள் செத்தால் அன்றைக்குப் பாதிநாள்தான் ஆகியிருந்தாலும் முழுப்பேர் போட வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர்மார் கண்டாக்கிடம் சண்டை பிடிப்பார்கள், அந்தப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவள் சண்டை பிடிக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

“எம் புள்ளைக்கு இன்னைக்கு முழுப்பேருதானே சேர்?”

ஆமாம் மீனம்மா, முழுப்பேர்தான் என்றேன். என் கண்ணும் கலங்கியது, நானும் மனிதன்தானே. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனம் ஆறுதல் அடைந்திருக்க வேண்டும்.

சாவு வீட்டில் பாடசாலை சார்பில் இரங்கல் உரை நான்தான் தயாரித்திருந்தேன். கீழ் லயத்து முற்றத்தில் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள், வரிசை நேராக இருந்தது. பேனரில் அவள் பெயரை முழுதாக எழுதி, பிறந்த திகதிக்கும் இறந்த திகதிக்கும் நடுவில் கோடு போட்டிருந்தேன். பிழை இல்லை. நான் தாளை விரித்து, “பேரன்புமிக்க ஊசிப்பாறை மக்களே” என்று ஆரம்பித்தேன்.

பிரேமினி வரிசையிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தாள். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே நான்கு தட்டுத் தட்டினாள்.

அத்தனை பிள்ளைகளும் நின்றார்கள். தப்பு அடிக்கிறவர்கள் ஏதோ சடங்கு என்று நினைத்துக் கையை நிறுத்திவிட்டார்கள். முற்றம் முழுக்க மீனம்மாவின் அழுகை மட்டும். நான் அடுத்த சொல்லைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவள் அந்த ஒற்றைத் தட்டைத் தரவேயில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவரைக்கும் நான் தாளும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். அது எனக்கு அவமானம் என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்களாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மாணவி ஒருத்தி பாடத்தைத் தானாகவே பிரயோகித்துப் பார்த்திருக்கிறாள். ஓர் ஆசிரியனுக்கு வேறென்ன வேண்டும்.

எழுத்தர் புதுத் தாள் எடுக்கட்டும். நீங்கள் கேட்டதற்கு வந்துவிட்டேன்.

நான் எங்கேயும் நிற்கவில்லை ஐயா.

குளவி கிளம்பினால் முன்னால் ஓடுகிறவரை விட்டுவிடும், பின்தங்குகிறவரைத்தான் மொய்க்கும். கூடையைப் போட்டுவிட்டு ஓடு, திரும்பிப் பார்க்காதே என்று லயத்தில் தவழ்கிற பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் என் அம்மா சொல்லியிருக்கிறாள். அவை பதின்மூன்று, பதினாறு வயதுக் கால்கள். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, முழங்காலில் வாதம். எல்லாரும் ஓடினால் பின்தங்குகிறவன் யார் என்று யோசிக்க எனக்கு நேரம் எடுக்கவில்லை. பின்னால் யாராவது நிற்க வேண்டியிருந்தது. அதனால்தான் தட்டினேன். நன்மைக்காகத் தட்டினேன் என்று சொன்னது பொய் இல்லை, யாருடைய நன்மை என்று நீங்கள் வரும்வரை ஒருவரும் கேட்கவில்லை.

தட்டிவிட்டு ஓடினேன். பிரேமினியைக் கடந்துதான் ஓடினேன், அவள் என்னைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது போலிருக்கிறது. முழுப்பேர் எடுத்த பிள்ளை, சின்னதுகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு, “ஓடுங்க, ஓடுங்க” என்று கத்திக்கொண்டே வந்தாள். ஒருத்தியைத் தவிர எல்லாரும் ஓடி வந்தார்கள். “சுலக்ஷனா, வாடி” என்று மூன்று நான்கு தடவை கூப்பிட்டாள். முழுப்பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

பாடசாலைப் படியில் ஏறிக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் நான் திரும்பிப் பார்த்தேன். சுலக்ஷனா நின்றுகொண்டிருந்தாள். கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தது. தலை நேராக இருந்தது. மைனாவுக்கும் பட்டாம்பூச்சிக்கும் திரும்புகிற அந்தக் கழுத்து, முகமெல்லாம் கறுப்பாக மொய்த்த பிறகும் திரும்பவில்லை. அந்த ஒற்றைத் தட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். கதவுக்கு உள்ளே இருந்து தட்டியிருக்கலாம், கேட்டிருக்கும். இரண்டு கையாலும் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுதான் ஐயா. எழுத்தர் வாசித்துக் காட்டினால் குறிகளைச் சரிபார்த்துக் கையெழுத்து வைக்கிறேன். கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், மீனம்மாவுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பிள்ளை அன்றைக்கு ஒரு தடவைகூட அசையவில்லை. நான் சொன்ன சொல் தவறுகிறவன் இல்லை, அவளை இந்த முறை கட்டாயம் பரீட்சைக்கு அனுப்பியிருப்பேன்.